ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு எந்த யோகப் பயிற்சி பொருந்தும்?

எங்கள் வீட்டில் உடம்பை அசைக்காமல் இருப்பவர் என்று ஒருவரும் இல்லை. நான் வாரத்தில் நான்கு நாள் கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஓடுகிறேன். கணவர் அலுவலகம் முடிந்ததும் ஷட்டில் ஆடப் போகிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளியின் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள், எட்டு வயது மகன் சைக்கிளை விட்டு இறங்குவதே இல்லை, எழுபதை எட்டிய அத்தை இரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, வாசல் தெளிப்பதில் தொடங்கி மொட்டை மாடியில் துணி காயப்போடுவது வரை எல்லாவற்றையும் தாமே செய்கிறார். இப்படி ஓடியாடுகிற வீட்டுக்கு யோகா எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் என் பின்தொடை மாதக்கணக்கில் இறுகிக் கிடந்ததும், மாடிப்படியில் அத்தைக்கு ஒருநாள் கால் தடுமாறியதும், இரவு பதினொன்றரை வரை தூக்கம் வராமல் மகள் புரண்டுகொண்டிருந்ததும் ஒரே ஆண்டில் நடந்தபோது, ஓட்டமும் ஆட்டமும் தராத ஏதோ ஒன்று எங்களுக்குத் தேவைப்படுகிறது என்பது புரிந்தது.

எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. செல்பேசியில் காணொளி பார்த்து வீட்டிலேயே செய்யலாம். பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில் நடக்கும் யோகா வகுப்பில் சேரலாம். வேதாத்திரி மகரிஷியின் யோக முறையைக் கற்பிக்கும் மனவளக்கலை மன்றத்துக்குப் போகலாம். தனியாக ஓர் ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளலாம். வீட்டுப் பெரியவர்கள் மூவருமாக, ஏறத்தாழ ஓராண்டில் நான்கையும் பார்த்துவிட்டோம். இவற்றுள் எது உயர்ந்த யோகா என்ற கேள்வி எங்களுக்குச் சற்றும் உதவவில்லை. பயிற்சி செய்யும்போது நம் உடம்பைப் பார்க்கிற கண் யாருடையது, அந்தப் பயிற்சி வீட்டின் எந்த நேரத்தைக் கேட்கிறது என்ற இரண்டு கேள்விகளே கடைசியில் முடிவெடுக்க உதவின.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமோ, 75 முதல் 150 நிமிடம் தீவிரமான உடலியக்கமோ வேண்டும் என்கிறது. அதோடு தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி இரண்டு நாளாவது இருக்க வேண்டும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம். 65 வயதைக் கடந்தவர்களுக்குப் பெரியவர்களுக்கான அளவுகளோடு, சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது தேவை. நிதானமாகச் செய்யும் ஆசனங்களில் இதயத் துடிப்பு வேகநடையில் ஏறும் அளவுக்குப் பெரும்பாலும் ஏறுவதில்லை. நிறுத்தாமல் வேகமாகச் செய்யும் சூரிய நமஸ்காரம் வேண்டுமானால் அந்த அளவைத் தொடலாம். ஆகவே யோகா தொடங்கியதும் நடையை நிறுத்திவிடுபவர்கள் ஒன்றைப் பெற்று ஒன்றை இழக்கிறார்கள். எங்கள் வீட்டில் நால்வருக்கு மூச்சு வாங்கும் வேலை ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது. குறைந்தவை இடுப்பின் அசைவும், சமநிலையும், நாளின் முடிவில் உடம்பைத் தளரவிடத் தெரிவதும்தான். யோகாவிடம் இந்த மூன்றையே கேட்பது என்று முடிவு செய்த பிறகு, ஒப்பிடுவது எளிதாயிற்று.

முதலில் எல்லாரும் போகிற வழியில்தான் நானும் போனேன். காணொளிக்குச் செலவில்லை, காலை ஐந்தரைக்கும் கிடைக்கும், இரவு பத்துக்கும் கிடைக்கும், தவறவிட்டால் யாரும் கேட்பதில்லை. ஓடுபவர்களுக்கான இருபது நிமிடப் பயிற்சி ஒன்றை மூன்று மாதம் விடாமல் செய்தேன். அதில் பச்சிமோத்தானாசனம் இருந்தது: காலை நீட்டி உட்கார்ந்து, முன்னால் குனிந்து, பாதத்தைப் பிடிப்பது. திரையில் இருந்த பெண்ணின் நெற்றி முழங்காலைத் தொட்டது. என் கை கணுக்காலோடு நின்றது. ஒரு மாதத்தில் விரல் பாதத்தைத் தொட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. அடுத்த மாதம், காரில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் புட்டத்தின் அடியில், உட்காரும் எலும்பு இருக்கும் இடத்தில், விரலால் அழுத்திக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் வலி தொடங்கியது. பின்தொடைத் தசை அந்த எலும்பில்தான் தசைநாராகப் பற்றியிருக்கிறது. தசை நீள மறுக்கும்போது முதுகை வளைத்து, கையால் இழுத்து, மேலும் குனிந்தால், இழுவை முழுவதும் அந்தப் பற்றுமிடத்தில் விழுகிறது. ஓட்டத்தால் ஏற்கெனவே சுமை தாங்கிக்கொண்டிருந்த இடம் அது. வலிக்கிறதே என்று நான் இன்னும் அதிகமாக நீட்டினேன். நீட்டியதால் இன்னும் வலித்தது.

காணொளியில் சொன்ன எதுவும் தவறில்லை. முழங்காலைச் சற்று மடக்கிக்கொள்ளலாம் என்றுகூட அந்த ஆசிரியை சொன்னார். நான் மடக்கவில்லை என்பதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான். அதனால் காணொளியை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். ஏற்கெனவே நேரில் கற்றுக்கொண்டவருக்கு அது நல்ல துணை. யோக நித்திரை போலப் படுத்துக்கொண்டு குரலை மட்டும் கேட்டுச் செய்யும் பயிற்சிக்கு அதைவிட வசதியானது இல்லை. புதிதாகத் தொடங்குபவர் ஆசனத்தை அதில் கற்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

குழு வகுப்புக்குக் கணவர் போனார். காலை ஆறு மணிக்கு ஒரு பேட்ச், ஏழு மணிக்கு ஒரு பேட்ச், ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து பேர். இதன் பெரிய பலம் நேரம் நிச்சயிக்கப்பட்டிருப்பது. வீட்டில் செய்தால் பால் பொங்கும், குழந்தை கூப்பிடும், செல்பேசி ஒலிக்கும். அங்கே போய்ப் பாயை விரித்துவிட்டால் ஒரு மணி நேரம் நமக்கு. பத்துப் பேரோடு சேர்ந்து மூச்சை விடும்போது தனியே செய்கையில் வராத ஒரு ஒழுங்கும் வந்துவிடுகிறது. ஆனால் இருபத்தைந்து பேருக்கும் ஒரே வரிசை. கணவருக்கு ஷட்டில் ஆடி ஆடி வலது தோள் இறுகியிருக்கிறது. அவருக்கு முன்னால் நிற்பவர் இருபத்திரண்டு வயது மாணவர். மல்லாந்து படுத்து உடம்பை வில்லாக வளைத்துத் தூக்கும் சக்கராசனம் என்று சொன்னால் இருவரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். இரண்டாம் வாரத்திலேயே தலைகீழாக நிற்கும் சிரசாசனத்துக்குச் சுவரோரம் வரிசையில் நிற்க வைத்தார்கள் என்று அவர் வந்து சொன்னபோது எனக்குக் கவலையாக இருந்தது. இரத்த அழுத்தம் உண்டா, கண்ணில் நீரழுத்த நோய் (கிளாக்கோமா) உண்டா, கழுத்தில் தேய்மானம் உண்டா என்று சேரும்போது யாரும் கேட்கவில்லை. தலை தாழ்ந்திருக்கும் நிலைகளில் கண்ணின் உள்ளழுத்தம் உயர்வது அளந்து பார்க்கப்பட்ட உண்மை. அந்நோய் உள்ளவருக்கு வெறும் ஒரு நிமிடச் சிரசாசனம்கூட வேண்டாத ஆபத்து.

எல்லாக் குழு வகுப்பும் இப்படித்தான் என்று எண்ண வேண்டியதில்லை. மைசூரில் பட்டாபி ஜோயிஸ் கற்பித்த அஷ்டாங்க வின்யாச முறையில், ஒரே கூடத்தில் பலர் இருந்தாலும் ஒவ்வொருவரும் தாம் கற்ற வரை தம் மூச்சின் வேகத்தில் செய்துகொண்டு போக, ஆசிரியர் நடுவில் நடந்து ஒவ்வொருவராகத் திருத்துகிறார். பெயர் குழுவாக இருந்தாலும் கண் தனித்தனியாக விழுகிறது. உடல் கடுமையைக் கேட்கும் முறை அது. வலுவும் பொறுமையும் உள்ள இளைஞர்களுக்கு ஏற்றது. ஆகவே ஒரு வகுப்பில் சேருமுன் முறையின் பெயரைக் கேட்பதைவிட, ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் எத்தனை பேர் அருகே போகிறார் என்று எண்ணிப் பார்ப்பது பயன் தரும். கணவர் போன இடத்தில் அந்த எண்ணிக்கை மூன்று.

அத்தை மன்றத்தைத் தேர்ந்தெடுத்தார், அதுவும் பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டதால். மனவளக்கலை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறில் இருக்கும் அந்தச் சங்கத்தின் அறிவுத்திருக்கோயில் எங்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணத்தில்தான் இருக்கிறது. அங்கே கற்பிக்கப்படும் எளியமுறை உடற்பயிற்சி கைப்பயிற்சியில் தொடங்கி, கால், மூச்சு, கண், கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர் என்று போய், உடல் தளர்த்தலில் முடிகிறது. விரல் மடக்கிக் கையைச் சுழற்றுவதும், உட்கார்ந்தபடி பாதத்தைத் தேய்த்துவிடுவதும், ஓடுகிற எனக்கு முதலில் மிக எளிதாகத் தோன்றின. அந்த எண்ணத்தை அத்தையைப் பார்த்துத்தான் மாற்றிக்கொண்டேன். பத்து வாரத்தில் அவர் தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்தார். தரையில் படுப்பதும் புரள்வதும் எழுவதும் ஒவ்வொரு பயிற்சியிலும் வருவதால், அந்த எழுதலே அவருக்குப் பயிற்சியாகிவிட்டிருந்தது. அதைவிட முக்கியமாக, ஒருநாள் போகாவிட்டால் நான்கு பேர் தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். எழுபது வயதில் அந்த விசாரிப்பு மருந்துக்கு நிகரானது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

இந்த வழியிலும் குறை உண்டு. தசைக்கு வலுவூட்டும் சுமை இதில் குறைவு. ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கபாலபதியில் வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியேற்றுவதால், இரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடலிறக்கம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் அதை முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லித் தவிர்த்துவிட வேண்டும். மன்றத்து அம்மா, அத்தையிடம் மாத்திரைப் பட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது வேண்டாங்கம்மா, அந்த நேரம் சும்மா மூச்சைக் கவனிச்சுட்டு உட்காருங்க" என்றாராம். ஒரு நல்ல ஆசிரியரை அடையாளம் காண எனக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமாக இருந்தது.

நான்காவது வழியான தனிப்பயிற்சிக்கு நான் வலியோடுதான் போய்ச் சேர்ந்தேன். இதன் வேர் தமிழ்நாட்டில் ஆழமானது. மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1950-களில் சென்னைக்கு வந்தார். இங்கே அவர் ஒருவருக்கு ஒருவராகவே பெரிதும் கற்பித்தார். அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவினார். ஆசனத்துக்கு மனிதரை வளைப்பதை விட்டு, மனிதருக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றுவது அந்த மரபின் உயிர். அதில் பயின்ற ஓர் ஆசிரியரைக் கோவையிலேயே கண்டுபிடித்தோம்.

முதல் அமர்வில் அரை மணி நேரம் அவர் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறேன், எப்போது தூங்குகிறேன், எங்கே வலிக்கிறது என்று கேட்டார். பிறகு நிற்கவைத்து, கையைத் தூக்கவைத்து, குனியவைத்து, பக்கவாட்டில் நின்று பார்த்தார். "மூச்சு நீளமா விட முடியாத அளவுக்குக் குனிய வேண்டாங்க, அங்கேயே நிறுத்துங்க" என்றார். அது நான் வழக்கமாகக் குனிவதில் பாதிதான். முன்னால் குனியும் ஆசனங்களை ஆறு வாரம் நிறுத்திவிட்டு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மூச்சோடு தூக்கி இறக்கும் த்விபாதபீடத்தையும், குப்புறப்படுத்துக் காலைத் தூக்கும் சலபாசனத்தையும் கொடுத்தார். வலிக்கிற தசைநாரை இழுப்பதற்குப் பதிலாக அதற்கு அளவோடு வேலை கொடுத்து வலுவாக்குவது இதன் நோக்கம். பிசியோதெரபியிலும் இதே கொள்கைதான். கிளம்பும்போது ஒரு தாளில் குச்சி மனிதர்களாக ஏழு நிலைகளை வரைந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை மூச்சு என்று எழுதிக் கொடுத்தார். மொத்தம் பதினெட்டு நிமிடம். அந்தத் தாள் இன்னும் பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறது.

செலவு மட்டுமே இதில் தயங்க வைக்கும். ஐந்து அமர்வுக்கு நான் கொடுத்தது, கணவர் குழு வகுப்புக்கு நான்கு மாதம் கட்டிய தொகைக்குச் சமம். ஆனால் குழு வகுப்பின் கட்டணம் மாதாமாதம் வரும். தனிப்பயிற்சியில் தாள் கையில் வந்துவிட்டால் அதை வைத்துச் சில மாதம் வீட்டில் செய்யலாம், பிறகு ஒருமுறை போய் மாற்றி எழுதி வாங்கலாம். அந்தக் கணக்கில் நான்கு வழிகளில் இதுவே எனக்கு மலிவாகத் தெரிகிறது. வீட்டில் தானே செய்யும் கட்டுப்பாடு இல்லாதவருக்கு மட்டும் இது பொருந்தாது. தாள் கதவில் மஞ்சளாகிக்கொண்டிருக்கும்.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, புனேயில் பி.கே.எஸ். அய்யங்கார் வளர்த்தெடுத்த துணைப்பொருள் முறை. அவரும் கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவரே. கட்டை, பட்டை, நாற்காலி, சுவர் ஆகியவற்றின் துணையோடு, உடம்பு எட்டாத நிலையைப் பாதுகாப்பாக எட்டவைப்பது அவருடைய வழி. அந்த வகுப்புக்குப் போகாவிட்டாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டோம்: அத்தைக்கான ஒற்றைக்கால் நிற்றலை, சமையல்மேடையில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு, குக்கர் இரண்டு விசில் விடுவதற்குள் காலுக்கு அரை நிமிடம் என்று வைத்தோம். அதற்கென்று தனி நேரம் ஒதுக்கத் தேவையே ஏற்படவில்லை.

குழந்தைகளைப் பொறுத்தவரை வகுப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று நீண்ட நாள் யோசித்தேன். மகனைச் சேர்க்கவில்லை. எட்டு வயது உடம்பு தானாகவே வளையும். அதை மேலும் வளைத்து மேடையில் காட்டிப் பரிசு வாங்கவைப்பதில் எனக்கு விருப்பமில்லை. கழுத்தில் எடை விழும் நிலைகளும் மூச்சை அடக்குவதும் அந்த வயதில் வேண்டாம். நான் பாயை விரிக்கும்போது அவன் பக்கத்தில் பூனையாகவும் பாம்பாகவும் மரமாகவும் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு ஓடிவிடுகிறான். அவ்வளவு போதும். மகளுக்கு வேறு தேவை. ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் தசையை நீட்டிப் பிடித்தால், குதிக்கும் வலு சிறிது நேரம் குறைகிறது. எனவே ஆட்டத்துக்கு முன் அசைவோடு கூடிய பயிற்சி, நீட்டிப் பிடிக்கும் ஆசனங்கள் ஆட்டத்துக்குப் பின் என்று பிரித்தோம். ஓடுகிற எனக்கும் இதே வரிசைதான். இரவில் அவள் சுவரில் காலைச் சாய்த்துப் படுத்து, உள்ளே வாங்குவதைவிட வெளியே விடும் மூச்சை நீளமாக்கிப் பத்து நிமிடம் இருக்கிறாள்.

அந்தப் பத்து நிமிடம் மட்டும் அவளைத் தூங்க வைத்தது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய பெண்ணின் கையில் இரவு பதினொரு மணிக்குச் செல்பேசி இருந்தால் எந்த ஆசனமும் அந்தக் கணக்கை ஈடு செய்யாது. ஒன்பதரைக்கு வீட்டிலுள்ள எல்லாச் செல்பேசிகளும், என்னுடையது உட்பட, கூடத்து மேசைக்கு வந்துவிட வேண்டும் என்று வைத்தபிறகே மாற்றம் தெரிந்தது. அத்தையின் இரத்த அழுத்தத்திலும் அப்படித்தான். நிதானமான மூச்சு உதவும். ஆனால் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்ற அளவுக்கு வருவதற்கு, ஊறுகாயையும் அப்பளத்தையும் தினசரி இலையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. மூச்சுப்பயிற்சியா உப்புக் குறைப்பா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நான் தயங்காமல் உப்பைக் குறைக்கச் சொல்வேன். மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். யோகா செய்வதால் மாத்திரையை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பூங்காவில் அடிக்கடி பார்க்கிறேன், அது என்னைக் கவலைப்படுத்துகிறது.

காலையா மாலையா என்பதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. காலையில் வயிறு காலியாக இருக்கும், வீடு அமைதியாக இருக்கும். ஆனால் உடம்பு இறுகியிருக்கும். மாலையில் உடம்பு நன்றாக வளையும். ஆனால் முழுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதால், நான்கு மணிக்குச் சாப்பிட்ட பஜ்ஜி ஆறு மணிப் பயிற்சியைக் கெடுத்துவிடும். எங்களுக்கு இதன் தீர்வு இரவுச் சாப்பாட்டில் இருந்தது. ஒன்பதரைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை எட்டு மணிக்கு மாற்றியதும் பத்து மணிக்குத் தூக்கம் வந்தது, ஐந்தரைக்கு எழுவது தண்டனையாக இல்லாமல் போயிற்று. யோகாவுக்காகச் செய்த இந்த மாற்றத்தின் பலனை யோகாவே செய்யாத மகனும் பெறுகிறான்.

இப்போது வீட்டின் ஏற்பாடு இப்படி இருக்கிறது. அத்தை வாரத்தில் நான்கு நாள் மன்றத்துக்குப் போகிறார். நான் ஓடி முடித்து வந்து பீரோத் தாளைப் பார்த்துச் செய்கிறேன். கணவர் மாடி வகுப்பை நிறுத்திவிட்டு என் ஆசிரியரிடம் மூன்று அமர்வு போய்த் தமக்கென்று ஒரு தாள் வாங்கி வந்தார். அவருடையதில் தோளுக்கானவையே அதிகம். ஆனாலும் அவருக்குத் தனியே செய்ய மனம் ஓடவில்லை என்பதால், எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காத ஒரு சிறு வகுப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். வயதானவரோ நோயுள்ளவரோ இல்லாத, எல்லாரும் முப்பதுக்குள் இருக்கும் வீடாக இருந்தால் அத்தகைய வகுப்பையே நானும் முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

தாளில் ஏழாவதாக இருப்பது, உடம்பைத் தளரவிட்டு அசையாமல் படுத்திருக்கும் சவாசனம், மூன்று நிமிடம். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை மட்டும் விட்டுவிடுவது என் வழக்கமாக இருந்தது. சீருடை போட்டுக்கொண்டிருந்த மகன் ஒருநாள் தாளை எண்ணிப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றான். அன்றிலிருந்து நான் படுத்ததும் அவனும் பக்கத்தில் வந்து, ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு, படுத்துக்கொள்கிறான்.